வேலை கேட்டு நின்ற ஊர்: கோட்டாற்றுப் பக்கத்து ஒரு பழைய கணக்கு

கும்பப்பூ நடவு முடிஞ்சு வயல்ல கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைச்சிருக்கு. பயிரைப் பற்றியே எழுதிக்கிட்டிருந்தா நகரத்துல இருக்கிற உங்களுக்கும் அலுத்துப் போகும். இந்தத் தடவை வேலையைப் பற்றி எழுதுகிறேன். வயல்வேலை இல்லை, சம்பள வேலை.

கோட்டாற்றுக் கடைத்தெருவில் ஒரு இளவட்டப் பையன் நடந்து போனால், தெரிஞ்சவங்க கேட்கிற முதல் கேள்வி, "மக்கா, வேலை ஆச்சா?" என்பதுதான். சாப்பிட்டியா என்பது அதுக்குப் பிறகு. கேட்கிறவங்க மனசில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஆனால் பதில் இல்லாதவனுக்கு அந்தத் தெருவே முள்ளாகிப் போகும். என் தங்கச்சி மகன் பொறியியல் முடிச்சு ரெண்டு வருஷம் தாண்டிட்டுது. சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர்னு 14 நேர்காணல். முதல் நாலைந்தில் தோற்றபோது சிரிச்சுக்கிட்டே வந்தான். பத்துக்கு மேலே போனதும் பேச்சு குறைஞ்சுது. இப்ப என் கூடக் கடைத்தெருவுக்கு வருகதில்லை. அவன் அம்மை ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு அலையுதா. "அவனுக்கு ராசி இல்லண்ணே" என்கிறா.

ராசியைப் பற்றி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனால் இந்த மண்ணில் 'உனக்கு வேலை இல்லை' என்ற பதிலுக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கு. அதைக் கொஞ்சம் வாசித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பதில் பெரும்பாலும் எதிரே நின்ற ஆளைப் பற்றியதாக இருந்ததே இல்லை. நாற்காலியில் இருந்தவரைப் பற்றியதாகவும், அந்த நாற்காலி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பற்றியதாகவும்தான் இருந்திருக்கிறது.

நேர்காணல் இல்லாத காலம்

கோட்டாறு பழைய ஊர். நாகர்கோவில் என்ற பெயர் பெரிசாகிறதுக்கு எத்தனையோ காலம் முன்னாலேயே கோட்டாறு பெரிய சந்தை. கிரேக்க நூலாசிரியர் தாலமி குறிப்பிடும் 'கொட்டியாரா' இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் சோழர்கள் இங்கே ஒரு நிலைப்படையையே நிறுத்தி வைத்திருந்தார்கள். படை இருந்தது, சந்தை இருந்தது, தறி இருந்தது, சுற்றி நாலா பக்கமும் நெல்வயல் இருந்தது. வேலைக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அந்த வேலைக்கு யாரும் நேர்காணல் நடத்தவில்லை. பிறப்பே பதில் சொல்லிவிடும். இன்னார் மகன் தறியில் இருப்பான், இன்னார் மகன் பனை ஏறுவான், இன்னார் மகன் கணக்கு எழுதுவான், இன்னார் மகன் என்னை மாதிரி ஏலாவில் சேற்றில் நிற்பான். சேற்றில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கூலியாட்கள்கூட இல்லை, அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை முழுசாக ஒழித்த பிரகடனம் 1855-இல்தான் வந்தது. அதையும் வேலைவாய்ப்பின் சரித்திரத்தில் சேர்த்துத்தான் பார்க்கணும்.

இந்த ஏற்பாட்டில் முதல் விரிசல் விழுந்தது பள்ளிக்கூடத்தால். 1809-இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் போதகர் மயிலாடியில் பள்ளி நடத்தத் தொடங்கினார். 1818-இல் சார்லஸ் மீட் அந்த மையத்தை நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார். கோட்டாற்றிலிருந்து நடந்து போகிற தூரத்தில் செமினரி வந்தது, அச்சுக்கூடம் வந்தது. மார்த்தா மால்ட் என்ற அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். லேஸ் விற்ற காசைச் சேர்த்து, தங்களை அடிமைத்தளையிலிருந்து விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினாய் என்று அவர்களைக் கேட்டிருந்தால், "என்னையே வாங்கினேன்" என்று சொல்லியிருப்பார்கள்.

1893-இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் வந்தாச்சு. எழுத்து தெரிஞ்ச, கணக்கு தெரிஞ்ச, ஆங்கிலம் தெரிஞ்ச பிள்ளைகள் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கினார்கள். பிறகு என்ன? சர்க்கார் கச்சேரி வாசலில் போய் நின்றார்கள். கதவு திறக்கவில்லை.

கதவு ஏன் திறக்கவில்லை

இதுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு ரொம்ப நுணுக்கமானது. நேரடியாக 'நீ இன்ன சாதி, உனக்கு வேலை இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டிய தேவையே பல இடங்களில் வரவில்லை.

திருவிதாங்கூரில் அதிகமான வேலைகள் இருந்தது வருவாய்த்துறையில். அந்த வருவாய்த்துறைதான் சர்க்கார் கோயில்களையும் நிர்வகித்தது. நிலவரி வாங்குகிற அதிகாரியே கோயில் காரியத்தையும் பார்க்கணும். ஆகவே கோயிலுக்குள் போக முடியாதவன் அந்த வேலைக்குத் 'தகுதி' இல்லாதவன். கிறிஸ்தவர், முஸ்லிம், ஈழவர், நாடார், புலையர், பறையர் எல்லோரும் ஒரே வரியில் வெளியே. யாரும் யாரையும் திட்டவில்லை. அலுவலகத்தின் அமைப்பே வேண்டாம் என்றது.

இப்போதும் 'கலாசாரப் பொருத்தம்' என்று ஒரு வார்த்தை நேர்காணலில் வருதாமே? தங்கச்சி மகன் சொன்னபோது எனக்கு இந்த வருவாய்த்துறைதான் ஞாபகம் வந்தது.

இங்கே கதவு அடைபட்டதால் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? மிஷனில் உபதேசியார் வேலை, பள்ளி ஆசிரியர் வேலை. இன்னும் பல பேர் கடல் தாண்டி இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனார்கள். ஊரை விட்டுப் போகிற பழக்கம் நமக்கு நேற்று வந்ததில்லை.

ஒரு டாக்டருக்கு வந்த பதில்

திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டவர்களில் எல்லோருக்கும் தெரிஞ்ச பெயர் டாக்டர் பல்பு. 1863-இல் திருவனந்தபுரம் பேட்டையில் ஒரு ஈழவக் குடும்பத்தில் பிறந்தவர். கோட்டாற்றிலிருந்து வடக்கே ஒரு நாள் வண்டிப் பயணம். அன்றைக்கு நமக்கும் அவருக்கும் ஒரே ராஜா, ஒரே கச்சேரி.

மருத்துவம் படிக்கத் திருவிதாங்கூரில் நடந்த தேர்வில் பல்பு தேறினார். இடம் கொடுக்கவில்லை. வயசு கூடிப்போச்சு என்று காரணம் சொன்னார்கள். சென்னைக்குப் போய் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, எல்.எம்.எஸ். பட்டத்தோடு திரும்பி வந்து சொந்த ஊரில் வேலை கேட்டார். அதுவும் இல்லை. அவருடைய அண்ணன் வேலாயுதன் அதுக்கு முன்னாலேயே பட்டம் வாங்கியும் இங்கே வேலை கிடைக்காமல் சென்னை அரசாங்க வேலைக்குப் போயிருந்தார். ஒரே வீட்டில் ரெண்டு பட்டதாரி, ரெண்டு பேருக்கும் ஒரே பதில்.

பல்பு மைசூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1898 வாக்கில் பெங்களூரைப் பிளேக் நோய் பிடுங்கி எடுத்தபோது, ஊரே ஓடிக்கிட்டிருக்க, நோயாளிகள் முகாமில் நின்று வேலை பார்த்தவர் அவர். திருவிதாங்கூருக்கு 'ஆகாத' ஆள் மைசூருக்கு எப்படி ஆனார்? ஆள் மாறவில்லை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மாறினார்கள்.

பல்பு ஒரு காரியம் செய்தார். வேறு ஊரில் நல்ல வேலை கிடைச்ச பிறகும் கேட்பதை நிறுத்தவில்லை. மனுவுக்கு மேல் மனு எழுதினார். ஆவணங்களைத் தொகுத்து அச்சிட்டார். வாயால் சொன்ன பதில் காற்றில் போகும், காகிதத்தில் வாங்கின பதில் நிற்கும் என்பது அவருக்குத் தெரிஞ்சிருக்கிறது.

இரண்டு மனுக்கள்

1891 ஜனவரியில் பத்தாயிரத்துக்கும் மேலான கையெழுத்தோடு ஒரு மனு மகாராஜா மூலம் திருநாளிடம் போனது. 'மலையாளி மெமோரியல்' என்று பெயர். பாரிஸ்டர் ஜி.பி. பிள்ளை, கே.பி. சங்கர மேனன், நாவலாசிரியர் சி.வி. ராமன் பிள்ளை இவர்கள் எல்லாம் முன்னால் நின்றார்கள். பல்புவும் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். உயர்ந்த பதவிகள் எல்லாம் வெளியூரிலிருந்து வந்த பிராமணர்களுக்கே போகின்றன, இந்த மண்ணில் பிறந்து படித்தவர்களுக்கு இல்லை என்பது குறை.

அவர்கள் 'பரதேசிகள்' என்று சொன்ன அந்த வெளியூர்க்காரர்களில் கணிசமானவர்கள் தமிழ்நாட்டுப் பக்கத்துக்காரர்கள். 1858 முதல் 1872 வரை திவானாக இருந்த டி. மாதவராவே கும்பகோணத்துக்காரர்தான். தமிழனாக இதை வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் நெருடத்தான் செய்யும். ஆனால் குறை நியாயமான குறை.

அந்த மனுவில் ஒரு விவரம் வரும். மாசம் 5 ரூபாயோ அதுக்கு மேலேயோ சம்பளம் வாங்கும் ஈழவர் ஒருவர்கூடத் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இல்லை என்று. சர்க்கார் அதுக்குச் சொன்ன பதில்: அவர்கள் பொதுவாகப் படிக்காதவர்கள்; விவசாயம், கயிறு திரித்தல், கள் இறக்குதல் என்று தங்கள் குலத்தொழிலையே விரும்பிச் செய்கிறவர்கள். மனுவில் கையெழுத்திட்ட ஆளே எல்.எம்.எஸ். டாக்டர். அவர் பெயர் இருந்த மனுவுக்குத்தான் 'படிக்காதவர்கள்' என்று பதில் வந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். மனு கொடுத்த பிறகு படித்த நாயர் இளைஞர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது. கூட நின்று கையெழுத்துப் போட்ட ஈழவர்களுக்குத் திறக்கவில்லை. உள்ளே போனவர்கள் திரும்பிப் பார்த்துக் கதவைப் பிடிச்சு நிற்கவும் இல்லை. அதனால் 1896 செப்டம்பரில் பல்பு தலைமையில் ரெண்டாவது மனு போனது. 'ஈழவ மெமோரியல்'. 13,176 கையெழுத்து. தந்தியும் ரயிலும் எங்கும் பரவாத காலத்தில் ஊர் ஊராக நடந்து பதின்மூவாயிரம் கையெழுத்து வாங்குவது என்றால் என்ன உழைப்பு என்று யோசித்துப் பாருங்க. உடனே ஒண்ணும் நடக்கவில்லை.

இதே மூலம் திருநாள் காலத்தில்தான், 1897-இல் தொடங்கி 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்தார்கள். இன்றைக்கு எங்க ஏலாவில் நெல் விளைகிறது அந்தத் தண்ணீரால். மலையைக் குடைந்து தண்ணீரைக் கடைமடைவரை கொண்டுவரத் தெரிந்த அதே அரசாங்கத்துக்கு, ஒரு டாக்டரைச் சொந்த ஊர் ஆஸ்பத்திரிவரை கொண்டுவர மனசு வரவில்லை.

முக்காலியும் நாற்காலியும்

நாகர்கோவில் நீதிமன்றத்துக் கதை ஒண்ணு எங்க பக்கம் எல்லோருக்கும் தெரியும். விளவங்கோடு பக்கம் பள்ளியாடியில் 1895-இல் பிறந்த நேசமணி வக்கீலுக்குப் படித்து 1921-இல் நாகர்கோவிலில் தொழில் தொடங்கினார். அப்போது மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குக் குரண்டி. குரண்டி என்றால் முக்காலி. நேசமணி முதல் நாளே அந்தக் குரண்டியைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பின்னாளில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர நடந்த போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ஷல் நேசமணி இவர்தான்.

கதவுக்கு உள்ளே போன பிறகும் எங்கே உட்கார வைப்பது என்று ஒரு கணக்கு இருந்தது. நேர்காணலில் தேறி உள்ளே போன பிள்ளைகள் சில பேர் போனில் சொல்லும் கதைகளைக் கேட்டால், குரண்டிகள் எல்லாம் காணாமல் போய்விட்டன என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் விதியாக மாறியது

மெதுவாகத்தான், ஆனால் மாறியது. 1919-இல் கிறிஸ்தவர், முஸ்லிம், ஈழவர் சேர்ந்து குடியுரிமைச் சமத்துவம் கேட்டு இயக்கம் நடத்தினார்கள். 1922-இல் கோயில் நிர்வாகத்தை வருவாய்த்துறையிலிருந்து பிரித்துத் தேவஸ்வம் துறை என்று தனியாக்கினார்கள். கேட்க ஏதோ அலுவலகச் சீர்திருத்தம் மாதிரி இருக்கும். ஆனால் 'கோயிலுக்குள் போக முடியாதவன் தாசில் வேலைக்கு ஆகமாட்டான்' என்ற சாக்கு அன்றோடு போச்சு.

1932-இல் சட்டசபைச் சீர்திருத்தம் வந்தபோது சொத்துக்காரர்களுக்கே வோட்டு அதிகம் என்ற நிலை. ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஒன்றுகூடித் தேர்தலிலிருந்து விலகி நின்றார்கள். 'நிவர்த்தனப் போராட்டம்' என்று பெயர். சட்டசபை இடமும் சர்க்கார் வேலையும் இரண்டும்தான் கோரிக்கை. 1935-இல் கோழஞ்சேரியில் பேசியதற்காக சி. கேசவன் சிறைக்குப் போனார். இந்த நெருக்கடிக்குப் பிறகுதான் 1936 ஜூன் 14-இல் டாக்டர் ஜி.டி. நோக்ஸ் திருவிதாங்கூரின் முதல் பொதுப்பணி ஆணையராக நியமிக்கப்பட்டார். யாருக்கு வேலை என்பதைத் துறைத் தலைவரின் தனி விருப்பத்திலிருந்து எடுத்து, விளம்பரம், விண்ணப்பம், தேர்வு, சமுதாயச் சுழற்சி என்று விதிக்குள் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் நவம்பர் 12-இல் கோயில் நுழைவுப் பிரகடனம். கோட்டாற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே 1926-இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. பத்தே வருஷத்தில் ரெண்டு கதவும் திறந்தது.

ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே பிரிட்டிஷ் சென்னை மாகாணத்திலும் கதை அப்படித்தான். 1912-இன் கணக்கில் 140 டெபுடி கலெக்டர்களில் 77 பேர் பிராமணர். 128 ஜில்லா முன்சீப்களில் 93 பேர் பிராமணர். நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. 1927-இல் பன்னிரண்டு இடங்களை எப்படிப் பகிர்வது என்று வரையறுத்தார்கள். அமைச்சர் முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1929-இல் சென்னை மாகாணத்துக்குத் தேர்வாணையம் வந்தது. இந்தியாவில் மாகாண அளவில் அதுதான் முதல்.

வெள்ளைக்காரனே இதை அனுபவித்துத்தான் கற்றான். கிழக்கிந்தியக் கம்பெனியில் இயக்குநர்களின் சிபாரிசு இருந்தால்தான் உத்தியோகம். 1853-க்குப் பிறகுதான் போட்டித் தேர்வு. அதையும் லண்டனில் மட்டுமே வைத்தார்கள். இந்தியாவிலும் சேர்த்து நடத்த 1922 ஆனது. தேர்வு 'எல்லோருக்கும் பொது', ஆனால் கப்பல் கூலி உன்னுடையது.

பெயரைப் பார்த்துப் பதில்

1956 நவம்பர் 1-இல் எங்க நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. படிப்பு குறையவில்லை, 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். ஆனால் பெரிய தொழிற்சாலைகள் வரவில்லை. படித்த பிள்ளைகள் எழுபதுகளில் பம்பாய்க்கும், அப்புறம் வளைகுடாவுக்கும் ரயிலும் விமானமும் ஏறினார்கள். எங்க நாட்டு எழுத்தாளர் நாஞ்சில் நாடனே முதுகலைப் பட்டம் வாங்கி வேலை தேடி அலைந்து 1972-இல் பம்பாய் போனவர்தான். அவருடைய 'தலைகீழ் விகிதங்கள்', 'மிதவை' ரெண்டு நாவலிலும் படித்துவிட்டு வேலை கிடைக்காதவனின் வீட்டு வாசனை அப்படியே இருக்கும்.

அரசாங்க வேலையில் விதி வந்தது. தனியார் வேலையில்? சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2007-இல் வெளியிட்டார்கள். பத்திரிகையில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு, 66 வாரங்களில், 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறே. ஒன்று மேல்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அமெரிக்காவிலும் இதே மாதிரி சோதனை நடந்திருக்கிறது. வெள்ளைக்காரப் பெயருக்குக் கறுப்பினப் பெயரை விட ஒன்றரை மடங்கு அழைப்பு. இது நேர்காணலுக்கு முன்னாலேயே, முகத்தைப் பார்க்கும் முன்னாலேயே வருகிற பதில்.

நேர்காணலில் என்னென்ன நடக்கலாம் என்பது மத்திய அரசுக்கும் தெரிந்திருக்கிறது. 2016 ஜனவரி 1 முதல் கெசட்டட் அல்லாத பி பிரிவு, சி, டி பிரிவு வேலைகளுக்கு நேர்காணலே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள்.

இதைச் சொல்வதால் எல்லா நிராகரிப்பும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஒரு இடத்துக்கு முந்நூறு பேர் போனால் 299 பேருக்கு இல்லை என்றுதான் பதில். உண்மையிலேயே ஒரு பாடம் தெரியாமல் போகிறவனும் உண்டு. ஆனால் எது எதனால் என்று தெரிய வேண்டாமா?

எங்க தொழிலில் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் கருவியை வைத்து ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 சதவீதத்துக்கு மேலே என்றால் எடுக்கமாட்டார்கள். வயிறு எரியும், வண்டிக்கூலி நட்டம். ஆனால் 20 என்று ஒரு எண் கையில் இருக்கும். ரெண்டு நாள் களத்தில் விரிச்சுக் காயப்போட்டுத் திரும்பக் கொண்டுபோகலாம். தங்கச்சி மகனுக்கு வந்த 14 பதிலில் ஒன்றில்கூட அந்த எண் இல்லை. 'தற்சமயம் உங்களுக்கு ஏற்ற இடம் இல்லை, வாழ்த்துகள்'. எதைக் காயப்போடுவது என்று பையனுக்குத் தெரியவில்லை. அதனால் தன்னையே காயப்போட்டுக்கிட்டுக் கிடக்கான்.

நான் அவனிடம் இந்தக் கதைகளைத்தான் சொன்னேன். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, போன இடம், கேட்ட கேள்வி, சொன்ன பதில், யாரை எடுத்தார்கள் என்று எழுதச் சொன்னேன். ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் கேட்டு ஒரு கடிதம் போடச் சொன்னேன். "பதில் வராது மாமா" என்றான். வராது, சரி. பல்புவுக்கும் வரவில்லை. கேட்காமல் இருந்தவர்களால் 1936 வரவில்லை. மூணு இடத்துக்கு எழுதினான். ஒரு இடத்திலிருந்து ரெண்டு வரி வந்தது. ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லி, அதில் அனுபவம் உள்ளவரை எடுத்தோம் என்று. இப்போ அதைப் படிக்கான். வேலை இன்னும் ஆகவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் பல பேர் நகரத்தில் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். உங்க அப்பாவோ தாத்தாவோ ஏதோ ஒரு கச்சேரி வாசலில் நின்றவராகத்தான் இருப்பார். 1891-இல் கதவு திறந்ததும் உள்ளே போனவர்கள் செய்யாததை நீங்க செய்யலாம். யாரையும் சிபாரிசில் எடுக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்று முடிவானால், எதனால் என்று ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. ஊரில் ஒரு பையன் அதை வைத்து என்ன செய்வது என்று முடிவு பண்ணிக்கிடுவான்.